அங்குலமும் மீட்டரும்: கெடா இருப்புப்பாதையில் ஓர் அளவைக் கணக்கு

மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை படிப்படியாக நிலைபெற்று, சாலைத் தூரம் கிலோமீட்டரிலும் அரிசி கிலோவிலும் கணக்கிடப்பட்டு வந்தாலும், ஜித்ரா போன்ற கெடா நகரங்களின் இரும்புக் கடைகளிலும் மரப்பட்டறைகளிலும் அங்குலம் வழக்கொழிந்துவிடவில்லை. அளவு நாடாவின் ஒரு விளிம்பில் அங்குலமும் மறு விளிம்பில் சென்டிமீட்டரும் அச்சிடப்பட்டிருப்பதற்கு இந்த இரட்டை வழக்கே காரணம்.

இரண்டு அளவைகளும் ஒன்றையொன்று தொட்ட இடத்தை ஜித்ராவுக்கு அருகிலேயே காணலாம். குபாங் பாசு மாவட்டத்தில் கோடியாங் வழியாக வடக்கே சென்று, 1918இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்த இருப்புப்பாதையில், இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் ஒரு மீட்டர் ஆகும். அடியையும் அங்குலத்தையும் கொண்டே அனைத்தையும் அளந்த பிரிட்டிஷ் ஆட்சி இந்த அகலத்தை மேற்கொண்டதன் பின்னணி இந்தியாவில் உள்ளது. அங்கு 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் 3 அடி 3 அங்குலம் எனத் திட்டமிடப்பட்ட சிறுபாதை, நாடு விரைவில் மெட்ரிக் முறையை ஏற்கும் என்ற எதிர்பார்ப்பில் சற்றே அகலப்படுத்தப்பட்டு மீட்டர் பாதையாயிற்று. எதிர்பார்த்த சட்டம் அப்போது நடைமுறைக்கு வரவில்லை, பாதையோ நிலைத்துவிட்டது. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த மலாயாவிலும், 1885இல் திறக்கப்பட்ட தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை முதலாக இதே அகலமே கையாளப்பட்டது.

பழைய பொறியியல் ஏடுகள் இதனை 3 அடி 3⅜ அங்குலம் எனக் குறிக்கின்றன. ஓர் அடிக்கு 12 அங்குலம் ஆதலால் இது 39.375 அங்குலம், ஓர் அங்குலம் 0.0254 மீட்டர் ஆதலால், இரண்டையும் பெருக்கினால் 1.000125 மீட்டர் கிடைக்கிறது. மீதமாகத் தோன்றும் 0.125 மில்லிமீட்டர், மீட்டரை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளில் எழுத முற்பட்டதால் நேர்ந்த வேறுபாடு.

இங்குப் பயன்பட்ட 0.0254 என்னும் எண் தோராயமானது அன்று. பிரிட்டனும் அமெரிக்காவும் மிக நுட்பமாக வேறுபட்ட அங்குலங்களைக் கையாண்ட நிலை மாறி, 1959 ஜூலை 1 முதல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆகவே இன்றைய அங்குலம் மீட்டரைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. மீட்டரிலிருந்து அங்குலத்துக்குச் செல்ல 0.0254ஆல் வகுத்தால் போதும். ஒரு மீட்டர் ஏறத்தாழ 39.37 அங்குலம்.

எண்ணைத் துண்டிக்கும் நேரம்தான் கவனிக்கத்தக்கது. 8 அடி நீளமுள்ள ஒட்டுப்பலகை, அதாவது 96 அங்குலம், 2.4384 மீட்டர் ஆகும்; கடையில் இது 2440 மில்லிமீட்டர் எனப்படுவதில் தவறில்லை. ஆனால் ஓர் அங்குலத்தை முதலிலேயே 2.5 சென்டிமீட்டர் எனக் குறுக்கிக்கொண்டு கணக்கிட்டால் 2.40 மீட்டர் வந்து, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் குறைந்துவிடும். பெருக்கி முடித்த பின்னரே எண்ணைச் சுருக்க வேண்டும் என்பதற்கு இவ்வேறுபாடே போதிய சான்று. அரை அங்குல நீர்க்குழாய் என்பதை இவ்வாறு மாற்றுவதும் பொருந்தாது. அது குழாயின் வகைப்பெயரே ஆதலால், அத்தகைய இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 12.7 மில்லிமீட்டராக இராமல் ஏறத்தாழ 21.3 மில்லிமீட்டராக இருக்கும்.