தாராக்குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல்

வளவும் வயலும் விட்டு வந்த எமக்கு ஐந்தாறு தாராக்குஞ்சுகள் பெரிய முதல்தான். நத்தையும் புல்லும் மிச்சச் சோறும் தின்று வளரும். ஆனால் இரண்டு மூன்று வாரக் குஞ்சுகள் திடீரென இரை எடுக்காமல் குறண்டி நின்று, இரத்தம் கலந்த எச்சம் இட்டு, ஓரிரு நாளில் செத்துப்போவதுண்டு. கண்ணூறு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பல வேளைகளில் காரணம் கொக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியாகும்.

இது புழு அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர். குடற்சுவருக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. அதனாலேயே இரத்தம் போகிறது. கோழியைத் தாக்கும் கொக்சிடியா வேறு, தாராவைத் தாக்குவது வேறு. ஆகவே அயல் வீட்டுக் கோழியுடன் கோபிக்க வேண்டியதில்லை.

எச்சத்தோடு விழும் இதன் வித்து உடனே தொற்றாது. அது முதிர்வதற்கு ஈரமும் சூடும் காற்றும் வேண்டும். எமது வெப்பத்தில் ஓரிரு நாள் போதும். இந்த இடைவெளிதான் எமக்குள்ள வாய்ப்பு. தாரா குடிப்பதைவிடச் சிந்துவது அதிகம் என்பதை வளர்த்தவர்கள் அறிவார்கள். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றியுள்ள நனைந்த உமியில்தான் வித்து முதிர்கிறது. குஞ்சுகள் அதையே கிளறித் தின்கின்றன.

எனவே சட்டியைப் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். சற்றுத் தள்ளி ஒரு சிறு கிடங்கு வெட்டி, சல்லிக்கல் நிரப்பி, மேலே கம்பி வலையோ தடிகளோ பரப்பி அதன்மேல் வையுங்கள். நனைந்த உமியை நாள்தோறும் அள்ளித் தூரத்தில் புதைத்து, காய்ந்த உமி போடுங்கள். இரையை நிலத்தில் கொட்டாதீர்கள். நோய் வந்து தப்பிய பெரிய தாராக்கள் நலமாகத் தெரிந்தாலும் எச்சத்தில் வித்தை விடக்கூடும். குஞ்சுகளைப் பிரித்து வளர்ப்பதே நல்லது. சாதாரண கிருமிநாசினிகளுக்கு இந்த வித்து சாகாது. பாத்திரங்களுக்குக் கொதிநீர் ஊற்றுங்கள்.

நோய் கண்டால் தண்ணீரில் கலந்து கொடுக்கும் அம்புறோலியம், சல்பா போன்ற மருந்துகள் உண்டு. அளவைக் கால்நடை வைத்தியரிடமே கேளுங்கள். இரை எடுக்காத குஞ்சும் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும். ஆகவே மருந்துத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த தாராக்களும் அடுத்தடுத்துச் சாகுமானால் அது தாராப் பிளேக் அல்லது கொலராவாக இருக்கலாம். அப்போது காத்திராமல், புதிதாகச் செத்த ஒன்றைப் பையில் சுற்றி வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவற்றைக் குளத்தில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.