நொய்யல் கரைக்கு வந்த மணிக்காரர்கள்

சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லை வெறும் இரும்பு ஊசியால் துளைக்க முடியாது. கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் அது 7-ஐ ஒட்டி நிற்கிறது. இரும்பு அதற்கும் கீழே. நீலக்கல்லோ 9. ஆனாலும் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கற்களில் நூல் கோக்கத் துளை போட்டிருக்கிறார்கள்.

1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்ட தொல்லியலாளர்கள் அங்கே அகழ்ந்து வந்தார்கள். ஒரு கல்லறையில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குடியிருப்பில் கிடைத்த குப்பைதான்: உடைக்காத கல், சில்லு, பாதி தேய்த்த மணி, துளை போடாத மணி. விலைக்கு வாங்கிவந்த நகை இப்படிக் குப்பை சேர்க்காது. அங்கே பட்டறை நடந்திருக்கிறது.

பெரில் என்னும் கடல்வண்ணக் கல் பக்கத்துப் படியூரிலேயே கிடைக்கும். நீலக்கல் சிவன்மலைப் பக்கம். சூதுபவளம் அப்படியல்ல. குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வர வேண்டும். லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானத்துக் கல். செதுக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லாமல் பச்சைக் கல்லை யார் இவ்வளவு தூரம் சுமந்து வருவார்கள்?

அந்த ஆளின் வித்தையை இன்று மணியின் துளையிலேயே படிக்கலாம். பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கோன் பசையைத் துளைக்குள் செலுத்தி, இறுகியதும் உருவி, மின்னணு நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். அரிக்கமேடு உட்பட அக்காலத் தென்னிந்திய ஊர்களின் மணிகளில் ஒரே சீரான வளையக் கோடுகள் தெரிகின்றன. ஊசிமுனையில் பதித்த வைரச் சில்லுகள் சுற்றிய தடம் அது. மணற்பொடி தேய்த்துப் போட்ட துளையில் இந்தச் சீர் வராது. துளையின் நடுவே சிறு படி ஒன்றும் தட்டுப்படும்: இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகத் துளைத்ததில், பாதைகள் மயிரிழை விலகிச் சந்தித்த இடம். குஜராத்தின் கம்பாத் கைவினைஞர்கள் நம் காலம் வரை, தண்ணீர் சொட்டவிட்டு, வில்லால் ஊசியைச் சுழற்றி இப்படித்தான் துளைத்தார்கள்.

நிறமும் முழுக்க இயற்கை தந்ததல்ல. மங்கிய கல்லைச் சாம்பலில் புதைத்து மெல்லச் சூடேற்றினால், உள்ளிருக்கும் இரும்புச் சேர்மம் நீரை இழந்து ஹேமடைட்டாக மாறும், கல் சிவக்கும். அதன்மேல் சோடா உப்புக் கரைசலால் கோடு வரைந்து மறுபடி சுட்டால் அழியாத வெள்ளை வரி. சிந்து மாகாணத்தில் ஒரு முதியவர் இதைச் செய்துகாட்ட, தொல்லியலாளர் எர்னஸ்ட் மக்கே 1930-களில் பதிவு செய்தார்.

கொடுமணல் பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு சுமணன், விசாகி போன்ற வடபுலச் சாயல் பெயர்களும் தமிழ் பிராமியில் கீறப்பட்டுள்ளன. அந்த வடபுலப் பெயர்க்காரர்கள் வணிகரா, கைவினைஞரா என்ற வாதம் உண்டு. இரு சாராரும் கலந்தே இருந்தார்கள் என்பது என் கணிப்பு. பெயரை இங்கத்து எழுத்தில் கீறிக்கொண்டவர்கள் சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் அவசரத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று கோவை நகைப்பட்டறைகளில் வங்காளத்துப் பொற்கொல்லர்கள் ஏராளம். கொங்குநாட்டு நகைத் தொழிலுக்கு வெளியூர்க் கை புதிதல்ல.