புகைக்குழாயும் ஒரு ரப்பர்த் துண்டும்

1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குறைந்த எரிபொருளில் நால்வர் செல்லத்தக்க சிறிய மகிழுந்து ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியாளருக்கு அளிக்கப்பட்டது. அதன் விளைவாக 1959 ஆகஸ்டில் பிறந்ததே 'மினி'. அதன் நீளம் ஏறத்தாழப் பத்து அடிதான். இடத்தைச் சேமிப்பதற்காக அவர் இயந்திரத்தை வண்டியின் குறுக்காக வைத்தார். கியர் பெட்டியை இயந்திரத்தின் அடியிலேயே பொருத்தினார். 2000ஆம் ஆண்டுவரை உற்பத்தியான அவ்வண்டிகள் பல இன்றும் ஆர்வலர்களின் பராமரிப்பில் ஓடுகின்றன. முதிர்ந்த மினிகளில் அடிக்கடி தோன்றும் பழுதுகளுள் ஒன்று, புகைக்குழாயைத் தாங்கும் பிடிப்பு முறிந்துபோவது. சிறிய பழுதே. எனினும், அது ஏன் நேர்கிறது என்று ஆராய்ந்தால் அந்த வண்டியின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

இயந்திரம் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. நான்கு உருளைகளும் நான்கு வீச்சுகளும் கொண்ட இயந்திரத்தில், தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் இருமுறை எரிதல் நிகழ்கிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்றால் நொடிக்கு நூறு அதிர்ச்சிகள். இவற்றைத் தவிர வேறோர் அசைவும் உண்டு. சக்கரங்களைச் சுழற்றும் விசைக்கு எதிர்விசையாக இயந்திரமே சாய முயல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே கண்கூடாகத் தெரிகிறது. நெடுக்காக வைத்த இயந்திரம் இடமும் வலமுமாகச் சாயும். குறுக்காக வைத்த மினியின் இயந்திரமோ முன்னும் பின்னுமாக ஆடும். இந்த ஆட்டத்தை அடக்குவதற்காகவே இயந்திரத்தின் மேற்பகுதியை வண்டியின் உடலோடு இணைக்கும் தண்டு ஒன்று உள்ளது. அதன் இரு முனைகளிலும் ரப்பர்ப் புதைகள் உண்டு.

இனிப் புகைக்குழாயைக் காண்போம். அதன் முன்முனை இயந்திரத்தோடு கவ்வப்பட்டிருக்கிறது. ஆகவே இயந்திரத்தோடு சேர்ந்து ஆடுகிறது. பின்பகுதியோ வண்டியின் பின்புறச் சட்டகத்தில் தொங்குகிறது. அது பெரிதும் அசைவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே குழாயின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைதான். வெப்பமும் தன் பங்குக்குக் குழாயை நீட்டுகிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயின் வெப்பநிலை சராசரியாக 200 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளும். இத்தனை இழுபறியையும் ஏற்றுக்கொள்வது, பின்புறத்தில் உள்ள சிறிய ரப்பர்த் தாங்கிதான். இரு உலோக வட்டுகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட ரப்பர் உருளை அது. பார்ப்பதற்கு நூற்கண்டின் கட்டை போலிருக்கும். வெப்பத்தாலும், ஒழுகும் எண்ணெயாலும், காலத்தாலும் ரப்பர் கெட்டு ஒருநாள் அறுந்துவிடுகிறது.

அப்போது குழாய் தாழ்ந்து, வேகத்தடைகளில் உரசுகிறது; கிளட்சை விடும்போது அடித்தளத்தில் மோதி ஓசை எழுப்புகிறது. ஓசையை நிறுத்த வேண்டும் என்னும் அவசரத்தில் சிலர் குழாயைச் சட்டகத்தோடு இரும்புப் பட்டையால் இறுக்கிவிடுகின்றனர்; சிலர் பற்றவைத்தே விடுகின்றனர். ஓசை அடங்கிவிடும். ஆனால், ரப்பர் ஏற்றுக்கொண்ட அசைவு முழுவதும் இப்போது குழாயின் முன்வளைவுக்குச் சென்றுவிடுகிறது. மீண்டும் மீண்டும் வளையும் உலோகம் சோர்வுற்று அவ்விடத்தில் விரிசல் காண்கிறது. இப்பழுதில் உண்மையான ஆபத்து இதுவே. விரிசல் வழியே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. நிறமோ மணமோ அற்ற அவ்வளி, குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. பழைய வண்டியின் தரையில் துருவால் துளைகள் இருப்பதும் அரிதன்று. உள்ளிருப்போர் தலைவலி என்றும் தூக்கம் என்றும் கருதிக்கொண்டே மயங்கக்கூடும்.

வழியில் தாங்கி அறுந்தால், குழாய் ஆறியபின் இரும்புக் கம்பியைத் தளர்வான வளையமாகக் கட்டிக் குழாயைத் தொங்கவிடலாம். நெகிழிக் கயிறு உருகிவிடும். கம்பியையும் முறுக்கி இறுக்கலாகாது. குழாய் ஊசலாட இடம் வேண்டும். வீடு சேரும்வரை மெதுவாகச் செல்ல இது போதும்.

முறையான பழுதுபார்ப்புக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். துருவேறிய நட்டுகளில் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். குழாயின் கவ்விகளைத் தளர்த்தி, புதிய தாங்கியைப் பொருத்தி, குழாய் எப்பக்கமும் இழுபடாமல் இயல்பாக நிற்கும் நிலையைக் கண்டபின்னரே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். நட்டை முடுக்கும்போது ரப்பரையும் பிடித்துக்கொள்வது நல்லது. இல்லையேல் அது முறுக்குண்டு, புதிதாக இருக்கும்போதே கிழியத் தொடங்கும்.

அதன்பின், நிறுத்திய இயந்திரத்தின் மேற்பகுதியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். அது தாராளமாக ஆடினால் மேலுள்ள தண்டின் ரப்பர்ப் புதைகள் தேய்ந்துள்ளன என்று பொருள். அவற்றையும் மாற்றாவிட்டால், இன்று பொருத்திய தாங்கியும் நெடுநாள் நிலைக்காது.