அஞ்சலிப் பக்கம்

ஆண்டுதோறும் நம் பள்ளி மலரில் மறைந்த பெரியோர்க்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படுவதை வாசகர் அறிவீர்கள். இம்முறை அப்பொறுப்பு பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. படங்களை வெட்டி ஒட்டி, அடியில் இரண்டு வரி எழுதினால் ஒரு மாலையில் முடிந்துவிடும் என்றுதான் எண்ணினோம். முடிய ஆறு வாரமாயிற்று. அந்த ஆறு வாரத்தில் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதல் நாள் கரும்பலகையில் பெயர்களை எழுதினோம். கொரோனா தொடங்கியது முதல் மறைந்தவர்கள் என்று கணக்கு வைத்தும் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றில் இருபத்தைந்துக்குக் குறையாமல் திரையுலகத்தார். எங்கள் தமிழம்மா பலகையைப் பார்த்துவிட்டு, "சரி, இவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். "பெரிய பாடகர்", "நல்ல நடிகர்" என்பதற்கு மேல் எங்களுக்கு வாய் வரவில்லை. அன்று ஒரு விதி பிறந்தது. இறந்த தேதி, செய்த வேலை, அவ்வேலையில் இன்றும் மிஞ்சி நிற்கும் ஒன்று ஆகிய மூன்றையும் சொல்ல இயலாதவர் பெயரை எழுதக்கூடாது.

எஸ். பி. பாலசுப்ரமணியம் அவர்களைப் பற்றி எழுதுவது எளிதாயிருந்தது. 2020 செப்டம்பர் 25 அன்று நாங்கள் ஆறாம் வகுப்பு. பள்ளி மூடியிருந்தது. தொலைக்காட்சி முன் அம்மாவும் பாட்டியும் அழுததை எங்களில் பலர் நினைவு வைத்திருக்கிறோம். அவர் பெற்ற தேசிய விருதுகள் ஆறு. அவை தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என நான்கு மொழிப் பாடல்களுக்காகக் கிடைத்தவை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். அப்துல் கலாம் அவர்களின் சொல்லை ஏற்று ஒரு கோடி மரம் நடுவதென்று இறங்கி, முப்பது இலட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டுப் போனவர். வெயிலுக்குப் பெயர்போன சேலத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டிலும் மரங்களையே முதலில் எழுதத் தோன்றியது.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தவர் வாணி ஜெயராம். அவர் 1945இல் வேலூரில் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பின் பம்பாய் சென்று இந்துஸ்தானி இசை பயின்று, 1971இல் வெளிவந்த 'குட்டி' என்னும் இந்திப் படத்தின் வழியே நாடறியப் பாடகியானார். தமிழில் 'அபூர்வ ராகங்கள்', தெலுங்கில் 'சங்கராபரணம்', 'ஸ்வாதி கிரணம்' ஆகிய படங்களுக்காக மும்முறை தேசிய விருது பெற்றார். 2023 குடியரசு நாளையொட்டி அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 4ஆம் நாள் சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். நடுவே இருந்தது பத்தே நாள். விருதைக் கையில் வாங்க அவர் இல்லை. இதைப் படித்தபோது எங்களுள் ஒருத்தி, "ஐம்பது வருஷம் பாடியிருக்கிறாரே, கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கக் கூடாதா?" என்றாள். நாங்கள் மட்டும் என்ன? அவர் இருந்தபோது அவர் பெயரே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மருத்துவர் வி. சாந்தா அவர்களைச் சேர்ப்பதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. "அவர் பிரபலமா?" என்று சிலர் கேட்டனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, பன்னிரண்டே படுக்கைகள் கொண்டது. அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த சாந்தா, 2021 ஜனவரி 19இல் தம் 93ஆம் வயதில் இறக்கும் வரை அதை விட்டு நீங்கவில்லை, குடியிருந்ததும் அவ்வளாகத்துக்குள்ளேயே. நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் அவருக்குத் தாய்மாமன் முறை என்ற செய்தியைக் கண்டதும் சிலருக்கு உற்சாகம் பிறந்தது. ஆனால் அது அவர் செய்த வேலையன்று என்று கூறி அதை அடித்துவிட்டோம். (இப்போது இங்கே எழுதிவிட்டோம், தமிழம்மா மன்னிக்க.) சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் அடையாற்றுக்குப் போய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள் என்று தெரியவந்ததும் வாக்குவாதம் நின்றது.

நாட்டுப்புறப் பாடகியர் இருவரையும் சேர்த்தோம். பரவை முனியம்மா 2020 மார்ச் 29இல், ஊரடங்கு தொடங்கிய அந்த வாரத்திலேயே மறைந்தார். 'ஆண்பாவம்' படத்தில் நடித்துப் பாடிய கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் மறைந்தார். வயற்காட்டுப் பாட்டு திரைக்கு வந்தது இவர்களைப் போன்றோரால்தான்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூத்த பாடகி ஒருவர் இறந்துவிட்டதாகக் கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி, மாலை போட்ட படத்தோடு ஒரு பத்தியே எழுதி முடித்திருந்தோம். அவர் நலமாக இருக்கிறார்! அச்சுக்குப் போவதற்கு முதல் நாள்தான் தெரிந்தது. அவர் வீட்டார் அதைக் கண்டிருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்து வெட்கினோம். அதற்குப் பிறகு இரண்டு நாளிதழ்களில் பார்க்காமல் எந்த இறப்பையும் எழுதவில்லை.

எந்தச் சொல்லால் எழுதுவது என்பதும் கேள்வியாயிற்று. மதிப்புக்குரிய ஒருவரைச் 'செத்தார்' என்று தமிழர் சொல்வதில்லை. இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மௌத்தானார் என்று அவரவர் நம்பிக்கைக்கேற்ற சொல் உண்டு. எல்லாருக்கும் பொருந்துவது 'காலமானார்' என்பதே. காலத்தோடு காலமாகிவிட்டார் என்ற பொருள் எங்களுக்குப் பிடித்திருந்தது.

இறந்தவரை எழுதிவைக்கும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது: கல்லைக் கண்டு தேர்தல், எடுத்து வருதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல். நமக்கு வடக்கே தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் இத்தகைய நடுகற்கள் ஏராளம். சில ஊர்களில் வேடியப்பன் என்று இன்றும் வழிபடுகின்றனர். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்று உள்ளது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். வேந்தர் பலரின் நாய்கள் பெயரின்றிப் போக, மாடு மீட்கப் போனவனின் நாய் ஆயிரத்து நானூறு ஆண்டாகப் பெயரோடு நிற்கிறது. இதைக் கேட்டுக் கீழ் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பக்கம் நிறைந்துவிட்டது என்றிருந்த வேளையில், எங்கள் குழுவிலேயே அதிகம் பேசாத தோழி ஒருத்தி, "எங்க தாத்தா பெயரைப் போடலாமா?" என்று கேட்டாள். தாத்தா போன ஆண்டு இறந்தவர். இளமையில் ஏற்காடு சாலையிலிருந்த மாடர்ன் தியேட்டர்ஸில் லைட் தூக்கும் வேலை பார்த்தவராம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய அப்படக்கம்பெனியிலிருந்துதான் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடத்தில் இன்று நிற்பது முகப்பு வளைவு மட்டுமே. பேருந்து அதைக் கடக்கும்போதெல்லாம் தாத்தா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாராம். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் எதிலும் இல்லை.

இதில் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். ஒருவர் தாத்தாவைப் போட்டால் எல்லார் தாத்தாவையும் போட வேண்டிவரும் என்றார்கள் சிலர். அதுவும் நியாயமே. தேதி, வேலை, மிஞ்சி நிற்பது என்ற மூன்றும் அவருக்கும் பொருந்துகின்றனவே என்றனர் மற்றவர். முடிவில் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் போனோம். சிஸ்டர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைக்குப் போனால் பெரிய மனிதருடைய கல்லறையில் மட்டுமா மெழுகுவத்தி ஏற்றுகிறோம்?" என்று மட்டும் கேட்டார்கள். எந்தப் படத்தை எடுப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களே ஒரு நடிகரின் படத்தை எடுத்துவிட்டோம். யாருடையது என்று சொல்லமாட்டோம். அவருடைய ரசிகைகள் பத்தாம் வகுப்பில் அதிகம்.

தோழி நான்கு வரி எழுதித் தந்தாள். படம் கேட்டோம். தாத்தாவுடைய தனிப்படம் ஆதார் அட்டையில் உள்ளது மட்டும்தான் என்று, அதையே வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். சிறிய படம்; பெரிதாக்கியதில் சற்று மங்கிவிட்டது. பக்கத்தின் கீழ்ப்பகுதியில், வாணி ஜெயராம் அவர்களுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. தோளில் அந்தத் துண்டு தெரிகிறது.