உடலின் இறையியல்

உடலின் இறையியல் என்பது போலந்து நாட்டுக் கத்தோலிக்க மெய்யியலாளர் கரோல் வொய்த்திவா, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாகத் தமது புதன்கிழமை உரைகளில் 1979 முதல் 1984 வரை விளக்கிய படிப்பினை ஆகும். உடல் ஆன்மாவை அடைத்துவைக்கும் சிறையன்று, ஆளையே வெளிப்படுத்தும் அடையாளம் என்பது இதன் மையக் கருத்து. ஆகவே ஒருவரின் உடலைப் பயன்பொருளாக நடத்துவது அவரையே இழிவுபடுத்துவதாகும்.

சென்னையின் மேற்குப் புறநகரான பூவிருந்தவல்லியிலுள்ள திரு இருதய குருமடத்தில் குருத்துவ மாணவர்கள் மெய்யியலும் இறையியலும் பயில்கின்றனர். இக்கருத்தைத் தமிழ்ச் சூழலில் ஆராய்வோருக்குத் திருமந்திரம் நெருங்கிய ஒப்பீடாகும். உடம்பை இழிவாக எண்ணியிருந்த திருமூலர், அதனுள் இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கினார். வேறுபாடும் உண்டு. திருமூலர் உடலை யோகத்திற்காகப் பேணுகிறார். வொய்த்திவா, மணமக்கள் தம்மையே ஒருவருக்கொருவர் கொடையாக அளிப்பதில் அதன் பொருளைக் காண்கிறார்.