நாதமும் மூளையும்

பண்ருட்டிப் பலாச்சுளையின் மதுரத்தை அறியாத தமிழர் யார்? ஆனால் அந்தப் பலாமரமே பின்னர் மிருதங்கமாகவும் வீணையாகவும் பேசத் தொடங்குகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. மிருதங்கம் செய்வோர் பண்ருட்டிக் கட்டையையே விரும்பித் தேடுகிறார்கள்.

பண்ருட்டிக்குச் சமீபத்திலுள்ள நெய்வேலியிலோ, 1961 முதல் பழுப்பு நிலக்கரி எடுக்கப்பட்டு வருகிறது. ராட்சத யந்திரங்கள் இரவும் பகலும் பூமியைக் குடைகின்றன. இவ்வாறு நாதமும் இரைச்சலும் அடுத்தடுத்து வாசம் செய்கின்றன. இரண்டும் காற்றின் அதிர்ச்சியே அல்லவா? ஒன்று உள்ளத்தைக் குளிர்விப்பதும் மற்றொன்று எரிச்சலூட்டுவதும் ஏன்?

பாதி விடையை ஸி. வி. ராமன் 1920-இல் அளித்தார். சாதாரணத் தோல் வாத்தியத்தில் எழும் துணை ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணையோ, தோலின் நடுவே பாரத்தை ஏற்றி, அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்னும் ஒழுங்கான விகிதத்தில் அமைத்துவிடுகிறது. நம் முன்னோர் செவியால் கண்டதைக் கணிதம் உறுதிப்படுத்தியது.

மற்றப் பாதி மண்டைக்குள் இருக்கிறது. ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்சார அலைகளைப் பதிவு செய்து, 1929-இல் உலகுக்கு அறிவித்தார். கண்மூடி அமைதியாக இருப்பவரிடம் விநாடிக்கு 8 முதல் 13 வரை ‘ஆல்பா’ அலைகள் எழுகின்றன. கர்ணகடூரமான சப்தம் திடீரென்று கேட்டால் அவை அடங்கி, வேகமான சிற்றலைகள் மேலோங்குகின்றன. 2012-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் சர்வகலாசாலையார் பலவகைச் சப்தங்களைக் கொண்டு சோதித்தார்கள். கண்ணாடிப் புட்டியைக் கத்தியால் கீறும் ஒலியே மிகவும் வெறுக்கப்பட்டது. இத்தகைய ஒலிகளைக் கேட்கையில், அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி கிளர்ச்சியுற்றதையும் கண்டனர்.

கல்கத்தாவின் யாதவபுரம் சர்வகலாசாலையில், தம்புராவின் சுருதியை மட்டும் கேட்கச் செய்து, ஆல்பா அலைகளின் அமைப்பு மாறுவதை ஆராய்ந்திருக்கிறார்கள். இதைக் கொண்டு, சங்கீதம் சர்வரோக நிவாரணி என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒருவருக்கு அமுதமான பாட்டு அடுத்த வீட்டாருக்குத் தலைவலியாக இருக்கக் கூடும்!

உறக்கத்திலும் செவிக்கு ஓய்வில்லை. இரவில் எழும் சப்தம், தூங்குபவரை எழுப்பாமலே, அவர் மூளையில் பேரலையைக் கிளப்பி, ஆழ்ந்த நித்திரையைக் கலைத்துவிடும். காலையில் குழந்தை பாடத்தில் மனம் செல்லாமல் விழித்தால், அதன் மந்தபுத்தியைக் குறை கூறுமுன், இரவெல்லாம் அலறிய ஒலிபெருக்கியையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

2000-ஆம் ஆண்டின் இந்திய விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? நம் வீட்டு வானொலி நம் வீட்டுச் சுவரைத் தாண்டாதிருப்பதே அதன் முதல் அமலாகும்.