மது நின்ற பின்னும் தொடர வேண்டிய கண்காணிப்பு

“அவர் குடியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. வலி ஏதும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். பிறகு எதற்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை ஸ்கேன்?” கல்லீரல் புறநோயாளர் பிரிவில் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பயணச் செலவு, ஒரு நாள் ஊதிய இழப்பு, நீண்ட காத்திருப்பு ஆகியவற்றை எண்ணினால் இக்கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை விரிவாகக் கூறுவது எங்கள் கடமை.

மது கல்லீரலில் செய்வது என்ன?

உடலுக்குள் செல்லும் மதுவின் பெரும்பகுதியைச் சிதைக்கும் பொறுப்பு கல்லீரலுடையது. அவ்வாறு சிதையும்போது முதலில் உண்டாவது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள். இது உயிரணுக்களின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, அச்சேதத்தைச் சரிசெய்யும் இயற்கையான ஏற்பாட்டையும் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என உறுதியானவற்றின் முதல் பிரிவில் 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைச் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் உள்ளது.

“பீர் மட்டும்தானே” என்று சிலர் அமைதி கொள்வதுண்டு. கல்லீரலுக்கு மதுவின் பெயர் பொருட்டல்ல. அதிலுள்ள ஆல்கஹாலின் அளவே பொருட்டு. 180 மி.லி. கொண்ட ஒரு ‘குவார்ட்டர்’ பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மி.லி. பீர் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. ‘ஸ்ட்ராங்’ வகைகளில் இன்னும் கூடுதல். பெண்களின் கல்லீரல் இதைவிடக் குறைந்த அளவிலேயே பாதிப்படைகிறது.

கொழுப்பிலிருந்து வடு, வடுவிலிருந்து கட்டி

பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரலில் முதலில் கொழுப்பு படிகிறது. அடுத்து அழற்சி. அழற்சி ஓயாது நீடித்தால், புண் ஆறிய தோலில் தழும்பு தோன்றுவதுபோல் கல்லீரலுக்குள் நார்த்திசு பெருகுகிறது. இறுதியில் அந்த உறுப்பு முழுவதும் முடிச்சு முடிச்சாக இறுகிப்போகிறது. இதுவே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம். குடிக்கும் அனைவரும் இந்நிலையை அடைவதில்லை. ஆனால் உடற்பருமன், நீரிழிவு, ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமித் தொற்று, புகைப்பழக்கம் ஆகியவை மதுவோடு சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

சுருங்கிய கல்லீரலில் உயிரணுக்கள் மடிவதும், எஞ்சியவை பெருகி அவ்விடத்தை நிரப்ப முயல்வதும் இடைவிடாது நிகழ்கின்றன. ஒவ்வொரு பெருக்கத்திலும் மரபுப்பொருளில் பிழை நேரும் வாய்ப்பு உண்டு. அத்தகைய பிழைகள் சேர்ந்து சேர்ந்தே புற்றுக்கட்டி உருவாகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு வடுப்பட்ட கல்லீரலில்தான் எழுகின்றன.

நிறுத்தினால் எது மாறும், எது மாறாது?

மதுவை முற்றிலும் நிறுத்தினால், படிந்த கொழுப்பு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். அழற்சி படிப்படியாகத் தணியும். தொடக்கநிலை வடுக்கள் ஓரளவு இளகவும் கூடும். முற்றிய சுருக்கமோ பெரும்பாலும் முழுமையாக மறைவதில்லை. எனவே புற்றுநோய் ஆபத்து ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையுமே அன்றி அற்றுப்போவதில்லை. குடும்பத்தினரின் கேள்விக்கு விடை இதுதான்: குடி நின்றாலும் வடு நிற்கிறது, வடு உள்ளவரை கண்காணிப்பும் தேவை.

அப்படியானால் நிறுத்தியதன் பயன் என்ன? மிகப் பெரிது. ஒருவேளை கட்டி தோன்றினாலும், எந்தச் சிகிச்சையைத் தாங்க இயலும் என்பதைத் தீர்மானிப்பதில் எஞ்சிய கல்லீரலின் வலிமைக்குப் பெரும் பங்கு உண்டு. மதுவைத் தவிர்க்கும் ஒவ்வொரு மாதமும் அந்த வலிமையைக் காக்கிறது.

ஆறு மாத ஸ்கேன் ஏன்?

கல்லீரலின் உட்பகுதி வலியை உணர்வதில்லை. கட்டி வளர்ந்து மேலுறையை அழுத்தும்போதே பெரும்பாலும் வலி தெரியும்; அதற்குள் காலம் கடந்திருக்கும். கட்டி சிறியதாக இருக்கையில் கண்டறிந்தால் அறுவை சிகிச்சையால் அகற்றவோ, வெப்பத்தால் கருக்கவோ, தகுதியுள்ளவருக்குக் கல்லீரல் மாற்று செய்யவோ வழியுண்டு. நோயிலிருந்து முற்றிலும் விடுபடும் வாய்ப்பு இக்கட்டத்தில்தான் மிகுதி.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. அதனுடன் ஏ.எஃப்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படுவதுண்டு. இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சிலருக்குப் புற்றுநோய் இருந்தும் அதன் அளவு இயல்பாகவே இருக்கும். குடித்த அனைவருக்கும் இக்கண்காணிப்பு வேண்டியதில்லை. வடு எவ்வளவு என்பதைப் பரிசோதித்து மருத்துவரே முடிவு செய்வார்.

குடும்பத்தினரின் கவனத்திற்கு

• நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென வீட்டிலேயே நிறுத்தச் செய்யாதீர்கள். முதல் சில நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

• வயிறு வீங்குதல், மஞ்சள் காமாலை, காரணமின்றி எடை குறைதல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஆகியவை தோன்றினால் அடுத்த ஸ்கேன் நாளுக்குக் காத்திராமல் உடனே வாருங்கள். இரத்த வாந்தி, கறுத்த மலம், பேச்சில் தடுமாற்றம் இருப்பின் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

• கீழாநெல்லி முதலிய மருந்துகளை உட்கொள்வதாயின் எங்களிடம் மறைக்க வேண்டாம். அவற்றை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

• பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் விலக்குங்கள். அவற்றில் உண்டாகும் அஃப்லடாக்சின் நச்சும் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

• மீண்டும் குடித்துவிட்டாலும் சந்திப்பைத் தவிர்க்காதீர்கள். நாங்கள் கேட்பது உண்மையை அறியவே. குற்றம் சாட்ட அன்று.

மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 14446 என்ற தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம். கல்லீரல் சுருக்கம் இருப்பதாகக் கூறப்பட்டவர்கள், அடுத்த ஸ்கேன் நாளை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள். அந்நாளை நினைவூட்டும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.